வழியில் உள்ள குழந்தை

ஒரு லிஃப்ட் மேலே போகுமா, போகாதா என்று கேட்டால் நான் பட்டென்று சொல்லிவிடுவேன். பதினேழு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் சம்பளமும். ஒரு பள்ளிக்கூடம் நல்லதா, இல்லையா என்று சொல்வதற்கு ஓர் அலுவலகம் இருப்பதும், அதில் நூற்று நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதும் எனக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. தெரியாமலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

கம்பெனி என்னைப் பக்கத்து மாநிலத்துக்கு மாற்றியது. அங்கே இருபது மாடி, முப்பது மாடி என்று கட்டித் தள்ளுகிறார்களாம், லிஃப்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். ஐம்பது நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஊர் மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை, ஸ்பேனர் எங்கே போனாலும் ஸ்பேனர்தான். வருத்தமெல்லாம் சுண்டெலியைப் பற்றித்தான்.

சுண்டெலி என் மகள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. வாசிப்பது மட்டும் வராது. எழுத்துகள் எல்லாம் அவளைக் கண்டால் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது. இரண்டு வருடம் நானும் மனைவியும் கத்திப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருடம் வந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் கத்தவில்லை. தினமும் சாப்பாட்டு மணி முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துக்குக் கீழே விரலை வைக்கச் சொல்லிவிட்டு, அவளாகச் சொல்லும்வரை சும்மா காத்திருப்பார். பத்து நிமிடம். அவ்வளவுதான் வைத்தியம். ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை, நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுக்குள் ஒட்டியிருந்ததை அவள் தானாக நின்று படித்தாள்: 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது.' நாலு நிமிடம் பிடித்தது. வெளியே காத்திருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அங்க போனாலும் இப்படி ஒரு டீச்சர் கிடைப்பாங்களாங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது இந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இந்தக் கதிக்கு ஆளானேன்.

முதலில் மச்சானிடம் கேட்டோம். "அந்த ஸ்டேட்டா? ஸ்கூல் எல்லாம் டாப்பு மாமா. கண்ண மூடிட்டுச் சேருங்க" என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கீழ்வீட்டு அக்கா, "அய்யய்யோ, அங்கயா? பிள்ளையக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிடுவாங்களே" என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போனதில்லை. கடைசியில் அங்கே என் வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கே போன் போட்டேன். எடுத்தவர் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஒப்பீட்டுச் சான்றிதழ் இருக்கா?"

"இல்லைங்க. அது என்னதுங்க?"

"அது இல்லாம வேற மாநிலத்துப் பிள்ளையச் சேர்க்க முடியாது. வாங்கிட்டுப் பேசுங்க." வைத்துவிட்டார்.

அப்படித்தான் மாநிலங்களுக்கிடையேயான பள்ளித் தர ஒப்பீட்டு ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலாவது மாடி. லிஃப்டில் 'பராமரிப்பில் உள்ளது' என்று பலகை தொங்கியது, பலகையின் மேல் விரல் கனத்துக்குத் தூசி. கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு படியேறினேன். விசாரணை ஜன்னலில் ஓர் எழுத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இங்க என் பொண்ணு படிக்கிறது ஒரு அரசுப் பள்ளி. அங்க போனா சேர்க்க ஒரு அரசுப் பள்ளி இருக்கு. ரெண்டுல எது நல்ல ஸ்கூல்னு தெரியணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லங்கற வார்த்தைய இந்த ஆபீஸ்ல பயன்படுத்தறதில்லைங்க. ஒன்ன நல்லதுன்னு சொன்னா இன்னொன்னு மனசு வருத்தப்படும்."

"சரிங்க. தரம்."

"அப்படிக் கேளுங்க." ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டினார். "உங்க ஸ்கூலுக்கு மூணு. அவங்க ஸ்கூலுக்கு ஏழு."

"அப்ப ஏழுதான் மேல?"

"எப்படிங்க சொல்ல முடியும்? இங்க ஒண்ணுதான் உச்சம். அங்க பத்துதான் உச்சம்."

நான் விரல் விட்டு எண்ணினேன். "அப்படின்னா இங்க மூணுங்கறது அங்க எட்டு. நம்ம ஸ்கூல்தான் ஒரு படி மேல."

அவர் முகம் சுண்டிப் போனது. "நீங்களா அப்படித் தலைகீழாப் போட்டுக்கக் கூடாதுங்க. தலைகீழாப் போடறதுக்குத்தான் இந்த ஆணையமே இருக்கு. ஆளாளுக்குப் போட்டுக்கிட்டா நாங்க எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. மகளை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அவர் அளவுகோல் பட்டியலை எடுத்து நீட்டினார். மொத்தம் அறுபத்து நாலு கட்டம். வாசல் கதவின் நிறம், பூந்தொட்டிகளின் எண்ணிக்கை, வகுப்பறை அமைதி, கண்ணாடிச் சட்டம் போட்ட பொன்மொழிகள், தலைமையாசிரியர் அறைக்குத் திரை உண்டா, உண்டென்றால் எத்தனை மடிப்பு. அறுபத்தொன்றாவது கட்டத்தில் 'மூன்றாம் வகுப்பு வாசிப்பு விகிதம்' என்று கண்டதும் எனக்கு உயிர் வந்தது.

"இதுதான் சார் எனக்கு வேணும். மெதுவாப் படிக்கிற பிள்ளைன்னா அங்க என்ன செய்வாங்க? பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்களே. படிக்குது, படிக்கலை. ரெண்டுதான்."

"படிக்க ஆரம்பிச்சிருக்கு சார். இன்னும் முழுசா வரல."

"அது ரெண்டுலயும் நிக்காதே" என்றார், ரொம்ப உண்மையான கவலையோடு. அவர் கெட்டவர் இல்லை. எனக்காகப் பதிவேட்டின் பின்பக்கம் வரை தேடிப் பார்த்தார்.

"யாராவது அந்த ஸ்கூல நேர்ல பார்த்தவங்க இருக்காங்களா?"

"நேர்ல பார்த்தா ஒருதலைப்பட்சம் வந்துடுமுங்க. எங்க ஆய்வாளர்கள் வாசல் கேட்டோட நின்னுடுவாங்க. அதான் கதவு நிறமெல்லாம் அவ்வளவு துல்லியமா இருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க, புதன்கிழமை மாதிரி வகுப்புக்கு வாங்க."

பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒருதலைப்பட்சம் வருகிறது என்பதால் ஆணையம் பள்ளிக்கூடத்தையே அலுவலகத்துக்குள் கொண்டுவந்திருந்தது. ஐந்தாம் தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். பச்சை பெஞ்சு போட்டது நம் மாநிலம், நீல பெஞ்சு போட்டது அந்த மாநிலம். மாணவர்கள் எல்லாம் ஆணையத்து ஊழியர்கள்தான். இருபத்திரண்டு பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த கண்காணிப்பாளர் முதல் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, நிமிர்ந்து இருந்தார். அவர்தான் வகுப்புத் தலைவராம். துணை இயக்குநர் அம்மா டீச்சராக நின்றார். நான் பெற்றோருக்கான நாற்காலியில்.

"பிள்ளைகளா, நேத்துக் குடுத்த வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு டீச்சர்!" என்று இருபத்திரண்டு பேரும் கோப்புகளைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த அலுவலகத்தில் முடிந்த கோப்பை நான் கண்ணால் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், இதுல மெதுவாப் படிக்கிற பிள்ளை யாருங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அந்தப் பணியிடம் இன்னும் ஒதுக்கலைங்களே" என்றார் கண்காணிப்பாளர்.

துணை இயக்குநர் பெரிய மனதுக்காரர். டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த பியூனைக் கூப்பிட்டு, "நீங்க கடைசி பெஞ்சில உக்காருங்க. அவருக்காக மெதுவாப் படிச்சுக் காட்டுங்க" என்றார். பியூனுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். தட்டைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்து, பாடப்புத்தகத்தை வாங்கினார். விரலை வைத்தார். "ம..." என்றார். நெற்றி வியர்த்தது. "ம... ழை..." என்றார். அப்புறம் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னமாய் நடிக்கிறார் என்று நான் அசந்து போனேன்.

துணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன், ஏழு நொடி ஆகியிருந்தது. "சரி உக்காருப்பா. அடுத்தவங்க."

கண்காணிப்பாளர் எழுந்து பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டி முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உடனே மணி அடித்தது. அத்தனை பேரும் எழுந்து, பாதி குடித்த டீயோடு நீல பெஞ்சுக்கு ஓடினார்கள். அந்த மாநிலம் தொடங்கியது. அதே பாடம். இந்தத் தடவை பியூன் "ம" என்றதுமே, "நீங்க போய் இன்னொரு ரவுண்டு டீ கொண்டாங்க" என்றார் டீச்சர். அவர் விட்டால் போதும் என்று வெளியே போனார்.

"பார்த்தீங்களா?" என்று துணை இயக்குநர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மலர்ச்சி. "ரெண்டு மாநிலத்திலயும் வகுப்பு எவ்வளவு அமைதி! யாராவது ஒரு பிள்ளை திணறிச்சா? கட்டம் பதினெட்டுல ரெண்டுக்கும் முழு மார்க்."

"கடைசி பெஞ்சுப் பிள்ளை படிக்கலையே மேடம்."

"எந்தப் பிள்ளை?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார்.

வெளியே வரும்போது படிக்கட்டு ஓரத்தில் பியூன் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரமாதமாக நடித்தீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

"நான் எங்கங்க நடிச்சேன்? மூணாங் கிளாஸ்ல இதே மாதிரி 'உக்காருப்பா, அடுத்தவங்க'ன்னாங்க. அதோட உக்காந்தவன்தான்" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் எழுத்தர் அடுத்த படியை விளக்கினார். ஒப்பீடு நடுநிலையாக நடக்க வேண்டுமானால் குழந்தையும் நடுநிலையாக இருக்க வேண்டும். ஒரு பள்ளியில் பெயர் இருக்கும் குழந்தை அந்தப் பள்ளிப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே மாற்றுச் சான்றிதழை வாங்கி ஆணையத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒப்பீட்டுச் சான்றிதழ் வரும்வரை குழந்தை எந்த மாநிலத்தையும் சேராது, 'வழியில் உள்ள குழந்தை' என்று பதிவாகும்.

"எத்தனை நாள் சார் வழியில இருக்கணும்?"

"நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா ஒரு வாரம். டக்குனு கட்டத்துல போட்டுடுவோம்."

"என் பொண்ணு மாதிரின்னா?"

"பார்ப்போங்க" என்றார்.

பள்ளியில் டீச்சர் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார். "இப்பப் போய் எடுக்கறீங்களே. இன்னும் ரெண்டு மாசம் விட்டா அவளே ஓட ஆரம்பிச்சுடுவா. நடுவுல விட்டா முதல்லேர்ந்து வரணும், சில பிள்ளைங்க வரவே வராது" என்றார். எனக்குத் தெரியாதா? ஆனால் ஒப்பீட்டுச் சான்றிதழ் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள், சான்றிதழ் வேண்டுமானால் இங்கே இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு திருகாணி இறுகியது. தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். டீச்சர் சுண்டெலியின் கையைப் பிடித்து, "விரலை எடுக்காதடா கண்ணு" என்றார். அவள் சரி என்றாள்.

அதற்கப்புறம் நான் ஆணையத்துக்கு நடையாய் நடந்தேன். மனைவி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பகல் வேலைக்குப் போவதால் சுண்டெலியையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காத்திருக்கும் அறையில் எங்களைப் போல முப்பது குடும்பம். ஓர் அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். மகனுக்காம். "இது மூணாவதுங்க. முதல் ரெண்டும் பின்னி முடிக்கறதுக்குள்ள அவனுக்குச் சின்னதாப் போயிடுச்சு" என்றார். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு.

அந்தப் பத்து நிமிடத்தை நானே செய்து பார்த்தேன். பக்கத்தில் உட்காருவேன், அவள் விரலை வைப்பாள், நான் காத்திருப்பேன். எனக்கு ஆறாவது நொடியில் வாய் திறந்துவிடும். "அது 'கு' டி!" என்பேன். அவள் விரலை எடுத்துவிடுவாள். காத்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்றாவது வாரம் அவள் புத்தகத்தைத் திறப்பதை நிறுத்தினாள். ஐந்தாவது வாரம், தெரிந்த எழுத்தையே என்னைக் கேட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கம்பெனி மேலாளர் போனில் கத்தினார். "என்னப்பா, ஸ்கூல் பார்க்கறேன் ஸ்கூல் பார்க்கறேன்னு, யூனிவர்சிட்டியா கட்டற? திங்கக்கிழமை அங்க நிக்கலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." அது நாற்பத்தேழாவது நாள். அன்றைக்கே ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது: தர உயர்வு விழா, குழந்தையுடன் கட்டாயம் வரவும், முடிவுகள் அங்கேயே அறிவிக்கப்படும். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துடுச்சுல்லங்க? ஒருவழியா வந்துடுச்சுல்ல?" என்று சுண்டெலிக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அனுப்பினாள்.

மண்டபம் நிறையக் கூட்டம். முன்வரிசை முழுக்க வழியில் உள்ள குழந்தைகள். மேடையில் இயக்குநர், பக்கத்தில் அந்த மாநிலத்து இயக்குநர். இருவருக்கும் ஒரே அளவு மாலை, யாரும் மனம் வருந்தக் கூடாது பாருங்கள்.

"பெற்றோர்களே," என்று எங்கள் இயக்குநர் தொடங்கினார், "நம்ம மாநிலத்தின் மூன்றாம் வகுப்பு வாசிப்பு விகிதம் இந்தக் காலாண்டில் அறுபத்தெட்டிலிருந்து எழுபத்தைந்தாக உயர்ந்திருக்கிறது!" கைதட்டல். "நண்பர் மாநிலத்திலும் அதே காலாண்டில் அதே உயர்வு!" இன்னும் பெரிய கைதட்டல். "எப்படி என்று கேட்பீர்கள். கூடுதல் ஆசிரியரா? இல்லை. கூடுதல் புத்தகமா? ஒன்றுகூட இல்லை. எல்லாம் நிர்வாகம்! நல்லாப் படிக்கிற பிள்ளைகளை ஒரே வாரத்தில் அனுப்பிவிடுகிறோம். கட்டத்தில் நிற்காத பிள்ளைகளை அவசரப்படாமல், நிதானமாக, வழியில் வைத்திருக்கிறோம். அவர்கள் இந்தக் கணக்கிலும் இல்லை, அந்தக் கணக்கிலும் இல்லை. இந்தச் சின்னஞ்சிறு குழந்தைகள் பள்ளிக்குப் போகாமல் இருந்தே இரண்டு மாநிலங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இவர்களுக்காக ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள்!"

தட்டினார்கள். முன்வரிசைப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சுண்டெலி எழுந்து நின்றாள். அவளுக்கு யாரும் இதுவரை கை தட்டியதில்லை. முகம் சிவந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், என் கையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விழா முடிந்ததும் எழுத்தரிடம் ஓடினேன். "சார், முடிவு? எங்க சான்றிதழ்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தயாராத்தாங்க இருந்துச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இப்பப் பாருங்க, ரெண்டு மாநிலத்துக்கும் விகிதம் ஏறிடுச்சு. பழைய விகிதத்தை வச்சுப் பண்ணின ஒப்பீடு இனிமே செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து போடணும்."

"ஏறினதே இவங்கள வெளிய வச்சதாலதானே சார்?"

"அதுக்குத்தானே இப்பக் கை தட்டினோம்."

"திங்கக்கிழமை நான் அங்க வேலைக்கு நிக்கணும். இவள நான் எந்த ஸ்கூல்ல விடறது? பழைய ஸ்கூல்லயாவது திரும்பச் சேர்த்துக்குவாங்களா?"

"வழியில இருக்கற பிள்ளைய எப்படிங்க திரும்பச் சேர்க்கறது? விகிதம் இறங்கிடுமே." புது விண்ணப்பம் ஒன்றை எடுத்து வைத்தார். பேனாவையும் அவரே கொடுத்தார். "உக்காந்து நிதானமா எழுதுங்க."

பெயர் எழுதினேன். வயது எழுதினேன். மூன்றாவது வரி, 'குழந்தை தற்போது பயிலும் பள்ளி'. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"காலியா விடக் கூடாதுங்க" என்றார் எழுத்தர்.

பேனா நகரவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லித்தான் செய்தார்கள். சுண்டெலி மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதணும்?"

"நீ எந்த ஸ்கூல்ல படிக்கறன்னு கேட்டிருக்காங்கடா."

"எந்த ஸ்கூலும் இல்லைன்னு எழுதுப்பா" என்றாள். "நான் போகாம இருந்தாத்தான் எல்லாருக்கும் நல்லதாம். மேடையில சொன்னாங்கல்ல?"

எனக்கு அழுகை வந்தது. இல்லை என்று எழுதினேன். எழுத்தர் எட்டிப் பார்த்து, கையெழுத்து ரொம்ப அழகாக இருப்பதாகச் சொன்னார்.